பெரிய பூசணிக்காயும் தேவைப்பட்ட முரளிதரனும்

இந்த நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்கு இரண்டே இரண்டு தேவைகள் இருந்தன. ஒன்று மழை. மற்றது முரளிதரன்.

மழை விஷயத்தில் அரசாங்கம் கவலை தெரிவித்ததோடு நிறுத்திக்கொண்டது. முரளிதரன் விஷயத்தில் பட்டியலே வெளியிட்டது. 'உடனடியாகத் தேவைப்படும் தொழில்கள்' என்ற அந்த மாநிலப் பட்டியலில், குதிரைக்கு லாடம் அடிப்பவருக்குக் கீழே, நாய்க்கு முடி வெட்டுபவருக்கு மேலே, 'பாலப் பொறியாளர்' என்று தெளிவாக இருந்தது. முரளிதரன் திருச்சியில் இளநிலையும் மெல்பர்னில் முதுநிலையும் படித்த பாலப் பொறியாளன். ஆகவே அது தன்னைப் பற்றித்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே எழவில்லை.

"பேர் போடல, அவ்ளோதான். பேர் போட்டா மத்தவங்க மனசு கஷ்டப்படும்ல" என்று மெல்பர்னின் புறநகரான கிரெய்கிபர்னில் அவனோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த அத்தனை பேரிடமும் சொன்னான்.

நாட்டுக்கு இவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ஒரு பார்சல் கிடங்கில் பெட்டிகளை நீல பெல்ட்டிலிருந்து மஞ்சள் பெல்ட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். மனைவி ஹரிப்பிரியா சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், ஒரு பல் மருத்துவமனையின் அலுவலகத்தை நிர்வகித்தாள். அவளுடைய தொழில் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனால் அவளுக்கு மட்டும் உருப்படியான வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாள்கள் எல்லாம் அரசு விடுமுறை நாள்கள்.

முரளிதரனின் பட்டதாரி விசா அடுத்த குளிர்காலத்தோடு முடிகிறது. அதன் நிழலில்தான் ஹரிப்பிரியாவின் விசாவும். அதற்குள் மாநிலம் அவனை நிரந்தர விசாவுக்கு நியமித்துவிட்டால் இருவரும் இங்கே, ஒரே வீட்டில். இல்லாவிட்டால் விமானம். திரும்பிப் போவதில் கேவலம் ஒன்றுமில்லை என்பாள் ஹரிப்பிரியா. ஆனால் முரளிதரன் கல்யாண மண்டபத்திலேயே மைக்கை வாங்கி, "ஆஸ்திரேலியா என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, என்னால தட்ட முடியல" என்று பேசிவிட்டான். அந்த வீடியோ இரண்டு குடும்பத்திலும் எல்லோருடைய போனிலும் இருந்தது.

பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. 'பிராந்தியப் பற்றுறுதி வாரியம்' என்று ஒன்று இருந்தது. நகரத்தை விட்டு உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மனதார வாழ விரும்புகிறவர்களுக்கே மாநில நியமனம். அந்த விருப்பம் உண்மையானதா என்று அளப்பது வாரியத்தின் பணி. வாரியம் மெல்பர்னின் நட்டநடுவே, துறைமுகம் தெரியும் உயரமான மாடியில் இயங்கியது. அதன் அதிகாரிகளில் ஒருவர்கூடச் சிற்றூரில் வாழ்ந்தவரல்லர். அதனால் அவர்களால் நடுநிலையோடு அளக்க முடிந்தது.

வாரியத்தின் இயக்குநர் பெவர்லி, விண்ணப்பதாரர்களுக்கான விளக்கக் கூட்டத்தில் பேசினார். கழுத்தில் கோதுமைக் கதிர் வடிவில் ஒரு தங்கச் சங்கிலி.

"விசாவுக்காக வருகிறவர்கள் எங்களுக்கு வேண்டாம். அன்புக்காக வருகிறவர்கள் வேண்டும். விசா என்பது அந்த அன்புக்கு நாங்கள் தரும் ரசீது, அவ்வளவுதான்."

கூட்டம் குறிப்பெடுத்துக்கொண்டது. அன்பை எத்தனை மெகாபைட்டுக்குள் அனுப்ப வேண்டும் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். சென்னையிலிருந்து வந்திருந்த ஸ்ருதி என்ற நர்ஸ் எழுந்து, அந்த ஊரில் வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள்.

பெவர்லியின் முகம் மலர்ந்தது. "அருமையான கேள்வி. வேலை கிடைத்த ஊரில் தங்குவது யாராலும் முடியும். வேலை இல்லாத ஊரில் தங்கிப் பாருங்கள். அதைத்தான் நாங்கள் பற்றுறுதி என்கிறோம்."

முதலில் கைதட்டியது முரளிதரன்.

அவனுக்கு ஒதுக்கப்பட்ட ஊர் வில்லம்பூக். மெல்பர்னிலிருந்து வடக்கே, புல்வெளியும் ஆடுமாக அலுத்துப்போகும் வரை ஓட்டி, அதற்கு மேலும் ஓட்டினால் வரும். இந்த நாட்டுச் சிற்றூர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எது விளைகிறதோ அதைக் கான்கிரீட்டில் வீட்டளவு செய்து நெடுஞ்சாலை ஓரம் வைத்துவிடுவார்கள். வில்லம்பூக்கில் விளைவது பூசணி. ஆகவே ஊர் முகப்பில் ஆரஞ்சு வண்ணத்தில், இரண்டு மாடி உயரத்தில், காம்போடு ஒரு பெரிய பூசணிக்காய் இருந்தது. விண்ணப்பத்தோடு அதன் அருகில் நின்று எடுத்த படத்தை இணைப்பது நல்லது என்று வாரியமே சொல்லியிருந்தது.

விண்ணப்பக்காரர்களை அங்கே கூட்டிப்போக மெல்பர்னின் நோபல் பார்க் பகுதியில் அருந்தவன் அண்ணர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். சில வருடங்களுக்கு முன் அதே வில்லம்பூக் வழியாக நிரந்தர விசா வாங்கியவர். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் புதியவர்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறார். பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்குவதில்லை. அது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி.

வேனிலிருந்து இறங்கியதும் அருந்தவன் அண்ணர் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பூசணிக்காயின் அடியில் வைத்தார். குங்குமத்தைத் தொட்டு, ஆரஞ்சுச் சுவரில், ஊர் மன்றத்தாருக்குத் தெரியாத அளவில் ஒரு பொட்டு வைத்தார். மூன்று முறை சுற்றி வந்தார். பின்னாலேயே ஸ்ருதி, இரண்டு சமையல்காரர்கள், ஒரு மண் ஆய்வாளர். எல்லோரும் வெறுங்காலோடு. ஏற்கெனவே சுவரில் பழைய பொட்டுகள் நிறைய இருந்தன.

முரளிதரன் ஷூவோடு நின்று சிரித்தான். "அண்ணே, இது பரங்கிக்காய்ணே."

"உங்கட ஊரில. எங்களுக்குப் பூசணிக்காய்தான்."

"எதுவா வேணா இருக்கட்டும். ஒரு காயைச் சுத்துனா விசா வரும்னா, கோயம்பேட்டுல மூட்டை தூக்குறவங்க எல்லாம் இந்நேரம் சிட்டிசன் ஆகியிருக்கணுமே. அவங்க டெய்லி சுத்துறாங்க."

மண் ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றினார். அருந்தவன் அண்ணர் கோபப்படவில்லை.

"சிரி தம்பி, சிரி. எனக்கு விசா வந்தது இந்தப் பூசணிக்காயாலதான் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா வேற எதால வந்தது எண்டும் இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல."

முரளிதரன் பூசணிக்காயின் மேல் முழங்கையை ஊன்றி, பழைய நண்பனின் தோளில் சாய்வதுபோல் படம் எடுத்துக்கொண்டான். அப்போதுதான் எதிரே ஆற்றைக் கவனித்தான். குறுக்கே ஒரு பாலம். நடுவில் காணோம். வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக அடுத்த ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாலத்தின் உடைந்த முனையில் ஒரு பலகை: 'பாலப் பொறியாளர்கள் தேவை. வில்லம்பூக்கில் உங்களுக்கு எதிர்காலம் உண்டு.' அதன் மேல் காக்கட்டூ என்னும் பெரிய வெள்ளைக் கிளி ஒன்று உட்கார்ந்து பலகையின் விளிம்பைக் கொறித்துக்கொண்டிருந்தது.

முரளிதரனுக்குப் புல்லரித்தது. ஹரிப்பிரியாவைப் போனில் அழைத்தான்.

"ஹரி, கிளம்பி வந்துடு. பாலத்தை உடைச்சு வெச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"நிச்சயமா கிடைக்கும்ல? இங்க எனக்கு இப்பதான் மேனேஜர் போஸ்ட் குடுத்திருக்காங்க."

"லிஸ்ட்ல இருக்கேன்மா. கவர்மென்ட் எழுதிக் குடுத்திருக்கு. இதுக்கு மேல என்ன, தாலி கட்டணுமா?"

கணவன் மனைவி சேர்ந்து குடியேறினால் பற்றுறுதி கூடுதல் என்று வாரியத்தின் கையேட்டில் இருந்தது. ஹரிப்பிரியா வேலையை விட்டாள்.

வில்லம்பூக்கில் மதுக்கடைக்குப் பின்னால் ஒரு தகர வீடு கிடைத்தது. ஒரே கூரை. மழை பெய்யும்போது மட்டும் அது கூரைதானா என்ற சந்தேகம் வரும். இருந்தாலும் காலையில் இருவரும் ஒரே அடுப்பில் காப்பி போட்டார்கள். அந்த ஒன்றுக்காகவே ஹரிப்பிரியா ஊரை மன்னித்தாள். மருந்துக்கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. சீக்கிரமே ஊர் அவளை 'ஹாரி' என்று கூப்பிட்டு, முழங்கால் வலியை எல்லாம் அவளிடம் கொண்டுவந்தது.

முரளிதரன் ஊர் மன்ற அலுவலகத்துக்குப் போனான். பணியாளர் பிரிவில் இருந்த கிரெக் என்பவர் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"பாலப் பொறியாளரா! வெள்ளம் வந்த நாளிலிருந்து தேடுகிறோம்."

"வந்துவிட்டேன்."

"நிரந்தர விசா இருக்கிறதா?"

"மாநிலம் நியமித்தால் கிடைக்கும். உங்கள் மன்றத்தில் வேலை கிடைத்தால் மாநிலம் உடனே நியமிக்கும்."

கிரெக் வருத்தத்தோடு உட்கார்ந்தார். "பாருங்கள், இங்கே தட்டுப்பாடு மிகக் கடுமையானது. தற்காலிகமான ஆள்களை வைத்து அதைத் தீர்த்துவிட முடியாது. நாங்கள் நிரந்தரமான ஒருவருக்காகக் காத்திருக்கிறோம். பாலம் எங்கும் போய்விடாது."

அதில் பாதி ஏற்கெனவே போய்விட்டது என்று முரளிதரன் சுட்டிக்காட்டினான். கிரெக் அதைக் குறித்துக்கொண்டார்.

ஆகவே அவன் பூசணிக் கொட்டகையில் காய்களைத் தேய்த்துப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். ஓய்வு நேரத்தில் ஆற்றை அளந்து, தற்காலிகப் பாலம் ஒன்றுக்கு வரைபடம் போட்டு மன்றத்துக்குக் கொடுத்தான். மன்றம் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. வெளியாரின் பொறியியலை ஏற்க விதி இல்லை. ஆனால் அவனுடைய தன்னார்வத்தைப் பாராட்டி, கைவினைக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு கம்பளியில் பின்னிய ஒரு முயலுக்கு.

பருவத்துக்கு ஒருமுறை வாரியம் காணொளியில் பற்றுறுதியைத் தணிக்கை செய்தது. பக்கத்து வீட்டு நாயின் பெயர் என்ன? உள்ளூர்க் கால்பந்து அணி தோற்றபோது உங்களுக்கு என்ன தோன்றியது? கண்ணை மூடினால் என்ன தெரிகிறது? கடைசிக் கேள்விக்கு முரளிதரன் தயங்காமல் "பூசணிக்காய்" என்றான். தணிக்கை அதிகாரி திரும்பவும் மூடச் சொன்னார். அப்போதும் பூசணிக்காய். அது திருப்திகரம் என்று பதிவானது.

சிக்கல் வந்தது தொத்திறைச்சியில், அதாவது சாசேஜில். சனிக்கிழமைகளில் தீயணைப்புத் தொண்டர்கள் கடைத்தெருவில் தொத்திறைச்சி வாட்டி விற்பார்கள். முரளிதரன் பிறவியிலிருந்தே சைவம். பக்கத்தில் நின்று வெங்காயம் மட்டும் வதக்கினான். அந்தப் படத்தைப் பார்த்த வாரியம், 'விண்ணப்பதாரர் வெங்காயத்தோடு நின்றுவிடுகிறார். ஒருங்கிணைப்பு பகுதியளவே' என்று எழுதியது. மறுவாரம் அவன் இடுக்கியில் ஒரு தொத்திறைச்சியைப் பிடித்து, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி நின்றான். 'முகத்தில் பற்றுறுதி போதவில்லை' என்று அதுவும் திரும்பி வந்தது.

"சிரி" என்றாள் படம் எடுத்த ஹரிப்பிரியா. "கல்யாண வீடியோல மைக்கைப் புடிச்ச மாதிரி புடி."

அப்படியே பிடித்தான். அது ஏற்கப்பட்டது.

இதற்கிடையில் ஸ்ருதிக்கு நியமனம் வந்தது. அருந்தவன் அண்ணர் போனில் சொன்னார். "நல்ல பிள்ளை, மூண்டு சுத்தும் ஒழுங்காச் சுத்தினவள்."

"அவங்க நர்ஸ்ணே. அதான் வந்துச்சு. சும்மா இருங்க. எலுமிச்சம்பழம் வெச்சா வாரியம் வந்து ஜூஸ் போட்டுக் குடிக்குமா?"

"ஓம் ஓம். நீர் பெரிய இஞ்சினியர்."

விசா முடிய அதிக நாள் இல்லாத சமயத்தில் வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. பெவர்லி நேரிலேயே வில்லம்பூக் வருகிறார். பாலப் பொறியாளர்கள் குறித்துப் பெரிய பூசணிக்காயின் அருகே ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு. முரளிதரன் அவசியம் கலந்துகொள்ள வேண்டும். கோட்டு அணிந்தால் நல்லது.

முரளிதரன் கோட்டு அணிந்தான். நோபல் பார்க்கிலிருந்து அருந்தவன் அண்ணரை வரவழைத்து, திருச்சியில் இரண்டு குடும்பமும் நேரலையில் பார்க்கும்படி போனைப் பிடிக்கச் சொன்னான். ஹரிப்பிரியா பட்டுப்புடவை உடுத்தினாள். மருந்துக்கடை முதலாளியம்மா கேக் செய்து வந்தார். பெவர்லிதான் வெகுநேரம் வரவில்லை. அக்கரையில் வேறொரு கூட்டத்தை முடித்துவிட்டு, பாலம் இல்லாததால் அடுத்த ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

வந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பிராந்தியத்தில் போன வருடம் எத்தனை பாலப் பொறியாளர்கள் இருந்தார்கள்? பூஜ்யம். இன்று? ஒருவர்! பூஜ்யத்திலிருந்து ஒன்று என்பது எத்தனை சதவீத வளர்ச்சி என்று எங்கள் புள்ளியியல் பிரிவைக் கேட்டேன். கணக்கிடவே முடியாத வளர்ச்சி என்றார்கள். அந்த ஒருவர் இதோ நிற்கிறார். இவரால் இந்தப் பிராந்தியத்தில் பாலப் பொறியாளர் தட்டுப்பாடு முற்றிலும் ஒழிந்தது. ஆகவே இன்று முதல் அந்தத் தொழிலைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம் என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன்."

முரளிதரன் முதலில் தட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். போனுக்குள் திருச்சியும் தட்டியது. தட்டிக்கொண்டே வந்த முரளிதரனின் கை நடுவில் நின்றது.

"அப்படியென்றால் என் நியமனம்?"

"உங்கள் தொழில் இப்போது தேவைப்படும் தொழில் அல்லவே. தேவை தீர்ந்துவிட்டது. உங்களால்! இதைவிடப் பெரிய பாராட்டு எங்களிடம் இல்லை."

"நான் விண்ணப்பித்தபோது இருந்ததே?"

"பரிசீலிக்கும் நாளில் இருக்க வேண்டும். உங்களுடையதை இன்று காரில் வரும்போதுதான் பரிசீலித்தோம். சுற்றுவழி என்பதால் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்தது."

முரளிதரன் கையை நீட்டி ஆற்றைக் காட்டினான். பெவர்லி திரும்பிப் பார்த்தார். பலகை இன்னும் இருந்தது. காக்கட்டூவும் இருந்தது.

"ஓ, பாலமா? அது வேறு துறை. நாங்கள் தட்டுப்பாட்டை மட்டும்தான் கவனிக்கிறோம்." அவன் தோளைத் தட்டினார். "மனம் தளராதீர்கள். நீங்கள் கிளம்பிப் போனதும் தட்டுப்பாடு மறுபடி வரலாம். அப்போது கட்டாயம் விண்ணப்பியுங்கள்."

கேக் வெட்டினார்கள். முதல் துண்டு முரளிதரனுக்கு.

"தம்பி, நான் வீடியோவை நிப்பாட்டிட்டன்" என்றார் அருந்தவன் அண்ணர் மெதுவாக. நிறுத்தியதும் தாமதமாகத்தான். ஆங்கிலம் புரியாத முரளிதரனின் மாமனார், 'மாப்பிள்ளையை மேடையேற்றிப் பாராட்டிய ஆஸ்திரேலிய அரசு' என்று அதை அதற்குள் நாலு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார். வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன.

ஹரிப்பிரியா வீட்டுக்கு வந்து உடை மாற்றினாள். புடவையை மடித்து வைத்தாள். பிறகு காலையில் காப்பி போட்ட அடுப்பின் முன்னால் போய் நின்றாள்.

"உனக்காக வேலையை விட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன் முரளி. அந்தம்மாவோட பேச்சுல ஒரு கைதட்டலுக்காக விட்டிருக்கேன்."

"இல்ல ஹரி, அவங்க எழுதிக் குடுத்தாங்க..."

"முதல்ல தட்டுனது நீதான். அன்னைக்கு மீட்டிங்லயும் நீதான்னு நீயே பெருமையா சொன்ன, இன்னைக்கும் நீதான்."

முரளிதரன் கோட்டைக் கழற்றி அவளுடைய புடவையின் பக்கத்தில் மடித்து வைத்தான். ஜம்பம் இல்லாமல் முரளிதரனைப் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை. அதனால் அவளாலும் மேலே திட்ட முடியவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து மாநிலம் தன் பட்டியலை வெளியிட்டது. பாலப் பொறியாளர் இருந்தது, கூண்டுப் பறவை மருத்துவருக்கு அடுத்தபடியாக. ஊர் கொரம்பீன். எல்லை தாண்டி ஒரு பகல் ஓட்டம். அங்கே பாலம் இடிந்திருக்கிறதா என்று இந்த முறை முரளிதரன் கேட்கவில்லை. பேர் போடவில்லை அவ்வளவுதான் என்றும் யாரிடமும் சொல்லவில்லை.

"படம் மட்டும் எடுத்துட்டு வந்துடலாம். சும்மா, ஒரு அப்ளிகேஷன்" என்றான். ஹரிப்பிரியா காரில் ஏறிக்கொண்டாள். மருந்துக்கடையில் அவள் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

கொரம்பீனில் விளைவது வெங்காயம். நெடுஞ்சாலை ஓரம், செம்பு நிறத்தில், உச்சியில் கொண்டை போல வேர் முளைத்த ஒரு பெரிய வெங்காயம் நின்றது. தலைகீழாகக் கட்டிவிட்டார்கள் போல. சுற்றிலும் ஆள் இல்லை, தூறல் மட்டும் இருந்தது. ஹரிப்பிரியா எதிரே இருந்த கடையில் தேநீர் வாங்கப் போனாள். கடைக்காரப் பெண்மணி அவள் பெயரைக் கேட்டார். "ஹாரி" என்று சொல்லிவிட்டு, இரண்டு கோப்பைகளோடு திரும்பினாள்.

காருக்குப் பக்கத்தில் முரளிதரனின் ஷூ இரண்டும் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. சாக்ஸ் உள்ளே சுருட்டி இருந்தது. செம்புச் சுவரில், ஊர் மன்றத்தாருக்குத் தெரியாத அளவில், புதிதாக ஒரு பொட்டு.

அவன் வெங்காயத்தின் பின்பக்கத்திலிருந்து வந்தான். கோட்டு அணிந்திருந்தான். கால் சேறாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் நின்றான்.

"ஷூவுக்குள்ள கல்லு" என்றான்.

"ரெண்டுலயுமா?"

ஹரிப்பிரியா கோப்பைகளைக் காரின் மேல் வைத்துவிட்டு, முன்னிருக்கையில் குனிந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"எலுமிச்சம்பழத்தை மறந்துட்டே."

அவன் வாங்கிக்கொண்டான். வெங்காயத்தின் அடியில், உருண்டுவிடாதபடி ஒரு சிறு கல்லை முட்டுக்கொடுத்து வைத்தான். பொறியாளன் அல்லவா, நன்றாகவே நின்றது. பிறகு இன்னொரு சுற்றுக்காக நடந்தான்.